தரகருக்கு 10 டாலர்

அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட வீரர்கள் பலருக்குச் சம்பளப் பாக்கி ரொக்கமாகக் கிடைக்கவில்லை. கடன் பத்திரமாகவே கிடைத்தது. ஊர் திரும்பியவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். 1790இல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி அரசு அந்தப் பத்திரங்களின் முகமதிப்பை ஏற்றுக்கொண்டபோது, ஆதாயம் வாங்கிப் பதுக்கியவர்களுக்கே போனது. வீரர்களுக்கும் பங்கு வேண்டும் என்ற உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசனின் யோசனையைப் பிரதிநிதிகள் சபை தள்ளிவிட்டது.

1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் அரசின் பணத்தை நம்பியிருக்கும் வீரர்களின் அடுத்த கூட்டத்தை உருவாக்கியது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, முற்றிலும் ஊனமுற்ற சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம். போரில் இறந்தவரின் விதவைக்கும் அதே தொகை. காயம் பணியில் பட்டதுதான் என்பதற்குச் சாட்சியும் மருத்துவச் சான்றும் தேவைப்பட்டன. விதவை தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. அடிமைகளாக வாழ்ந்தவர்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதே இல்லை. அந்தப் பெண்களிடம் காட்ட ஒரு காகிதமும் கிடையாது. அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்ததற்குச் சாட்சி இருந்தால் போதும் என்ற திருத்தம் 1864இல்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் மனுவை எழுதித் தருவதாகச் சொல்லித் தரகர்கள் நுழைந்தது இங்கேதான்.

இதை எதிர்பார்த்து 1862ஆம் ஆண்டுச் சட்டமே தரகர் கூலிக்கு 5 டாலர் வரம்பு வைத்தது. 1864இல் அது 10 டாலரானது. ஒரு மாத ஓய்வூதியத்தைவிடச் சற்றே அதிகம். மீறிக் கறந்தால் சிறை. ஆனாலும் கறுப்பின வீரர்களுக்குப் படையில் சேர்ந்ததற்காகத் தரப்பட்ட ஊக்கத்தொகையைத் தரகர்கள் விழுங்குவது நிற்காததால், 1867 முதல் அதை, விடுதலையான அடிமைகளுக்கு உதவிய அரசு அமைப்பான ஃப்ரீட்மென்ஸ் பியூரோ வழியாக வழங்க ஏற்பாடானது. ஓய்வூதியத்தைக் கடன்காரர் ஜப்தி செய்யவும் பின்னர் தடை வந்தது.

10 டாலர் வரம்பு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. வீரர்கள் நல்ல வழக்கறிஞரை அமர்த்த அது தடையாகிறது என்ற வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றம் வரம்பை உறுதிசெய்தது. 1988இல் அது தளர்ந்தது. மீறுவோருக்கான குற்றவியல் தண்டனை 2006இல் நீக்கப்பட்டது. நச்சுப் பொருள்களால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு உதவும் பாக்ட் சட்டம் 2022இல் வந்ததும், அங்கீகாரமற்ற இடைத்தரகர்கள் மீண்டும் பெருகினார்கள். முதல் மனுவைத் தயாரித்துத் தர யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது, தண்டனைதான் இல்லை. தண்டனை இல்லாத வரம்பு வீரனின் குடும்பத்தைக் காக்காது.