நினைவக வரம்பும் அளவுகருவியும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரைத் திருச்சுழியை அடுத்துள்ளது பள்ளிமடம். அங்குள்ள சுந்தரபாண்டிய ஈசுவரம் என்னும் பள்ளிப்படைக் கோயிலில் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் வீரபாண்டியன் காலக் கல்வெட்டுகள் உள. நந்தாவிளக்குக்கு ஆடு விட்ட செய்தி இவ்வானம் பார்த்த நாட்டிற்கு இயல்பானதே. நாம் ஈண்டுக் கருதுவது நெய்யளவு பற்றியது. பாண்டிநாட்டுக் கல்வெட்டுகள் பல, நாள்தோறும் உழக்கு நெய் என்றதோடு அமையாமல், 'நாராயத்தால்' என அளக்குங் கருவியையும் உடன் கூறும். நாழி இடந்தோறும் வேறுபட்டமையின், கருவி கூறாவிடின் எண் மாறாதிருக்க அறம் குறையும்.

யூனிக்சு வழிவந்த கணினிகளின் கெர்னலில் நினைவக வரம்பு குறிக்குமிடத்தும் இவ்வையம் எழுகின்றது. ஆயின் ஆங்குக் கருவி கூறப்படுவதில்லை. லினக்சில் பொதுநினைவகத்துக்கு 'ஷம்மாக்ஸ்', 'ஷமால்' என இரு வரம்புகள் உள. முன்னது தனியொரு துண்டின் உச்ச அளவு, பைட்டால் எண்ணப்படுவது. பின்னது எல்லாத் துண்டுகளின் கூட்டளவு, பக்கத்தால் எண்ணப்படுவது. இரண்டும் வெற்றெண்களாகவே நிற்கும். பக்கம் 4,096 பைட்டாயின், 1 கிகாபைட்டுக்கு ஷமாலில் 2,62,144 என எழுதல் வேண்டும். பைட்டென மயங்கி 107,37,41,824 என எழுதுவோர் 4,096 கிகாபைட்டுக்கு இசைவு தந்தவராவர். வேலி இருந்தும் இல்லாததே. மாறாக, 2,62,144 என்பதை ஷம்மாக்சில் இட்டால் 256 கிலோபைட்டே கிட்டும். பெரிய தரவுத்தளம் தொடங்கவும் மாட்டாது.

இவ்வேறுபாடு பொருளற்றதன்று. நிரல் எழுதுவோன் கேட்பது பைட்டுக் கணக்கில். கெர்னல் பகிர்ந்தளிப்பது பக்கக் கணக்கில். கேட்போன் அளவையும் கொடுப்போன் அளவையும் வேறாதல் களத்துமேட்டிலும் கண்டதே. இவ்வழக்கம் பழையது. 1975இல் வெளிவந்த யூனிக்சு ஆறாம் பதிப்பு, பிடிபி-11 பொறியில் நினைவகத்தை 64 பைட் கொண்ட 'கிளிக்' என்னும் அலகால் எண்ணிற்று. அப்பொறியின் நினைவகப் பதிவேடுகள் 64 பைட்டுக் கூறுகளாகவே முகவரியைக் கொண்டிருந்தமையே காரணம். நம் குறுணியும் 64 ஆழாக்கே. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என இரட்டித்துச் செல்லும் முறையை வைத்துத் தமிழர் கணினி கண்டனர் என்பார் உளராயின், அவரோடு நாம் உடன்படோம். இரண்டிரண்டாகப் பகுத்தல் எவர்க்கும் எளிது, அவ்வளவே.

நாழியைப் போன்றே பக்கமும் இடந்தோறும் வேறுபடும். 64 கிலோபைட் பக்கங்கொண்டு இயங்கும் ஆர்ம் பொறிகளும் உள. அவற்றில் முற்கூறிய 2,62,144 என்பது 16 கிகாபைட்டாகும். ஆதலின் ஒரு பொறியின் அமைப்புக் கோப்பை மற்றொன்றுக்குப் படியெடுப்போர், முதற்கண் 'கெட்கான்ஃப்' கட்டளையால் பக்க அளவை அறிதல் வேண்டும். பாஷ் ஷெல்லின் 'யூலிமிட்' கட்டளையோ மெய்ந்நிகர் நினைவக வரம்பை 1,024 பைட் அலகால் வாங்கும். கெர்னல் அதனைப் பைட்டாகவே ஏற்கும். ஆண்டு ஷெல்லே இடைநின்று பெருக்கித் தருகின்றது; ஷமாலுக்கு அத்தகைய இடையாள் இல்லை.