பஸ் நிற்கும் ஊர், நிற்காத தெரு

மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரி உண்டு. எத்தனை வீடு, எத்தனை தலை, அதில் பட்டியல் சாதியார் எத்தனை, பஸ் வருகிறதா, வராவிட்டால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். 2011 கணக்குப்படி தமிழகத்தில் நாம் 1 கோடியே 44 லட்சம் பேர், நூற்றுக்கு இருபது. தலையை எண்ணும்போது ஊரும் சேரியும் ஒரே கிராமம்தான். பஸ் ஊருக்குள் வந்துவிட்டால் சேரிக்கும் வந்ததாகவே பதிவாகிவிடுகிறது.

எங்கள் கிராமமே இதற்குச் சாட்சி. நான் படித்த காலத்தில் பஸ் கோயில் திடலோடு திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் தெரு ஒரு மைல். வண்டிப்பாதை, மழை பெய்தால் முழங்கால் சேறு. "வலி எடுத்தா கயித்துக்கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு ஓடுவோம். ஊர்த்தெரு வழியா விடமாட்டானுவ. வரப்பு மேலதான் போவணும். பாதி வழியில பெத்தவளும் உண்டு" என்று அப்பத்தா சொல்லும். கையேட்டில் எங்கள் கிராமத்துக்குப் பஸ் வசதி 'உண்டு'.

வண்டிக்கும் நமக்குமான இந்த வழக்கு பழையது. 1901இல் சிறுவன் அம்பேத்கர் மசூர் ரயிலடியில் இறங்கி, அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போக மாட்டுவண்டி தேடினார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒருவரும் வரவில்லை. இரட்டைக் கூலி, பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான் என்ற பேச்சில்தான் ஒரு வண்டி கிடைத்தது. 1929இல் அவர் பாரிஸ்டர். அப்போதும் சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். ஓட்டிப் பழகாத ஒருவர் ஓட்ட, வண்டி விபத்தாகி அவர் கால் முறிந்தது. பட்டம் பதவியெல்லாம் அந்த வண்டிக்காரர்களிடம் செல்லவில்லை.

இங்கே சென்னை மாகாணத்தில், பொதுச்சாலையில் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றை எவரும் புழங்கலாம் என்ற தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவர வேண்டியிருந்தது. நடப்பதற்கே தீர்மானம் என்றால் ஏறி உட்காருவதற்கு?

1995 ஜூலையில் வீரசிகாமணியில் பஸ்ஸில் ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் மூண்ட தகராறு தென்மாவட்டங்களில் சாதிக் கலவரமாகப் பரவியது. ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் கொடியங்குளத்துக்குள் புகுந்து, வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த வீடுகளையும் பொருள்களையும் நொறுக்கினார்கள். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. 'அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் நாங்கள் ஏறுவதா' என்று ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயர்களையும் எடுத்துவிட்டது. ஒரு பள்ளர் பெயரை அழிக்க அத்தனை பெயரையும் அழித்தார்கள்.

2000 டிசம்பரில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்தது. அதில் குடியிருப்பைத் தனியாக எண்ணினார்கள், அது நல்லதுதான். ஆனால் சமவெளியில் 500 பேராவது இருக்க வேண்டும் என்று விதி. நல்ல சாலை அரைக் கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்தக் குடியிருப்பு ஏற்கெனவே இணைக்கப்பட்டதாகக் கணக்கு. அந்த அரைக் கிலோமீட்டர் யாருடைய தெரு வழியாகப் போகிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. 2021இல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கினார்கள். களையெடுக்கப் போகும் நம் பெண்களுக்கு அது பெரிய காசு. பஸ் நம் தெருமுனையில் நின்றால்தானே அந்தக் காசு மிச்சம்!

தோழர்கள் இதைச் செய்ய வேண்டும். உங்கள் கிராமத்துக்குரிய வரியைக் கையேட்டில் தேடி எடுங்கள். சேரியின் கடைசி வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை நடந்து அளந்து பாருங்கள். எத்தனை பேர் அந்த வழியில் நடக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் அதனால் பள்ளியை விட்டார்கள் என்று எழுதுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். கையேட்டின் கணக்கையும் நம் கணக்கையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் எழுந்து வராதீர்கள்.