சிட்டி ரிம் மைவிக்குப் பொருந்துமா? நான்கு துளை சரியாக இருந்தால் மட்டும் போதாது

புது ஸ்போர்ட் ரிம் வாங்கக் காசு பத்தவில்லை. ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய 16 அங்குல ரிம் ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது பெரோடுவா மைவி. "நாலு ஓட்டையும் சரியா உட்காருது, அப்புறம் என்ன?" என்று நினைக்கிறீர்களா? காசு கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

துளை வட்டம் (பிசிடி)

நட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் இது. மைவிக்கு 4x100: நான்கு துளை, 100 மில்லிமீட்டர். 2014-இல் வந்த சிட்டிக்கும் அதே அளவுதான். சிவிக் ரிம் 5x114.3 என்பதால் நேரடியாக ஏறாது.

நடுத்துளை

மைவியின் ஹப் 54.1 மி.மீ., சிட்டி ரிம்மின் நடுத்துளை 56.1 மி.மீ. இந்த 2 மி.மீ. இடைவெளியால் ரிம் நடுவில் உட்காராமல் போகலாம். வேகம் கூடினால் ஸ்டீயரிங் நடுங்கும். 56.1-54.1 அளவு ஹப் ரிங் போட்டால் சரியாகிவிடும்.

நட்

பலரும் கவனிக்காத இடம் இதுதான். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்மில் நட் உட்காரும் குழி உருண்டை வடிவம். மைவியின் நட் முனை கூம்பு வடிவம். இரண்டுக்கும் மரை ஒன்றே (12x1.5) என்பதால் முறுக்கினால் இறுகும், பார்க்கவும் சரியாகத்தான் தெரியும். ஆனால், கூம்பு அந்தக் குழியில் முழுசாகப் பதியாது. ஓட ஓட நட் தளரும். சக்கரமே கழன்று ஓடலாம். உருண்டை முனை நட் வாங்கியே தீர வேண்டும்.

ஆஃப்செட்

சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். கூடினால் உள்ளே போய் சஸ்பென்ஷனில் உரசலாம். மட்கார்டைத் தாண்டி நீட்டும் டயர் ஜே.பி.ஜே. சோதனையில் சிக்கலாம்.

டயர்

மைவி 1.5-இன் டயர் 185/55 ஆர்15. மொத்த உயரம் சுமார் 584 மி.மீ. சிட்டியின் 185/55 ஆர்16 டயரையும் சேர்த்து மாட்டினால் அது 610 ஆகிவிடும். முன்பு மீட்டர் 110 காட்டிய அதே வேகத்தில் இப்போது 105தான் காட்டும். நெடுஞ்சாலையில் அபராதம் வந்த பிறகு மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

195/45 ஆர்16 டயர் பழைய உயரத்துக்கு மிக அருகில் வரும். ஆனால், சுமைக் குறியீட்டையும் பாருங்கள். மைவியின் டயருக்கு 82, அதாவது டயருக்கு 475 கிலோ. 80 என்று போட்டிருந்தால் 450 கிலோதான். 84 உள்ளதாகக் கேளுங்கள். டயரின் பக்கச்சுவர் மெலிவதால், பங்சார் ஜாலான் மாரோஃப் போன்ற சாலையில் ஒரு குழியில் இறங்கினாலும் ரிம் வளைய வாய்ப்பு அதிகம்.

மாட்டிய பிறகு

ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின் சீட்டில் ஆள் ஏற்றி, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். பழைய ரிம்மை உடனே விற்காதீர்கள்; ஒத்துவராவிட்டால் திரும்ப மாட்ட அதுதான் கைகொடுக்கும்.