ஒன்பதாவது பிரிவு

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு உடன்படிக்கைகளின் அருமையையும் ஆபத்தையும் எவரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டுக்கோட்டைச் சீமைக்கு நீர் கொணரும் கல்லணைக் கால்வாயை நம் மக்கள் 'புது ஆறு' என்றே அழைக்கின்றனர். அதுவும் மேட்டூர் அணையும் 1934-இல் பயனுக்கு வந்தன. அவற்றுக்கு வழி திறந்தது, 1924 பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னை மாகாணத்திற்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையாகும். அதிலே ஐம்பது ஆண்டுகள் என்றொரு காலவரை குறிக்கப்பட்டிருந்தது. 1974 வந்ததும், காலம் முடிந்தது, ஆகவே உடன்படிக்கையும் முடிந்தது என்றது கர்நாடகம். சில பிரிவுகளை மீண்டும் பரிசீலிப்பதற்கே அக்காலவரை, உடன்படிக்கை என்றும் உண்டு என்றது தமிழகம். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு, 1924-ஆம் ஆண்டின் உடன்படிக்கை 1974-உடன் காலாவதியாகிவிட்டது என்றே முடிவு கூறிற்று. எழுதும் நாளில் இரு சாராரும் ஒரு சொல்லை இரு பொருளில் கொண்டால், அவர்தம் பேரர்கள் அதற்கு விலை கொடுக்கின்றனர்.

இதே போன்றதொரு காலவரை, நமக்கு வெகுதொலைவிலுள்ள நாகா மலைகளில், இதைவிடக் கொடிய விளைவுகளை உண்டாக்கிற்று. ஒரு நிலத்தின் பூர்வகுடிகள் அரசாங்கத்தோடு உடன்படிக்கை பேசத் தொடங்குவது எவ்வாறு என்னும் கேள்விக்கு, இந்திய வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை என்பது நம் கருத்து.

நாகர் என்பது ஒரே கூட்டத்தாரின் பெயரன்று. அங்காமி, ஆவோ, சேமா, லோத்தா எனப் பல குலத்தார். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. ஒவ்வோர் ஊரும் தனக்குத் தானே அரசு. நிலம் ஊருக்கும் குலத்திற்கும் குடும்பத்திற்கும் உரியது. நம் ஊரில் போலச் சர்க்கார் புறம்போக்கு என்ற ஒன்றை அவர்கள் அறியார். இத்தகைய மக்கள் ஓர் அரசாங்கத்தின் முன் ஒரே குரலில் பேசுவதெங்ஙனம்? முதல் உலகப் போரின் போது ஏறத்தாழ இரண்டாயிரம் நாகர்கள் கூலிப்படையினராகப் பிரான்சு நாட்டுக்குச் சென்று திரும்பினர். வெவ்வேறு குலத்தார் அந்நிய மண்ணில் ஒன்றாய் உண்டு உறங்கிய அனுபவம் அவர்களுக்குப் புதிது. 1918-இல் கோஹிமாவில் நாகா கிளப் தோன்றியது. 1929 ஜனவரியில் சைமன் கமிஷன் அங்கு வந்தபோது, அக்கழகத்தார் இருபதுபேர் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் அளித்தனர். புதிய அரசியல் சீர்திருத்தங்களில் தங்களைச் சேர்க்க வேண்டாம். வெள்ளையர் போவதானால், முன்னாளில் இருந்தது போல் தங்கள் வழியைத் தாங்களே தீர்மானிக்க விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். நாடு முழுதும் சைமனைத் திரும்பிப் போகச் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், மலைமக்கள் அவரிடம் வேறொன்றைக் கேட்டனர்!

1944-இல் கோஹிமா உலகப் போரின் களமாகி நொறுங்கியது. மறு ஆண்டு, டெபுடி கமிஷனராக இருந்த சார்லஸ் பாஸியின் முயற்சியால் மாவட்டப் பழங்குடி மன்றம் ஒன்று அமைந்தது. சீரமைப்பு வேலைகளுக்காக அரசு கூட்டிய அம்மன்றத்தைக் குலத்தலைவர்களும் படித்த இளைஞர்களும் தமதாக்கிக் கொண்டனர்; 1946-இல் அது நாகா தேசிய கவுன்சில் ஆயிற்று. 1947 பிப்ரவரியில் அக்கவுன்சில், பத்தாண்டுகளுக்கு ஓர் இடைக்கால அரசு வேண்டும், அதன்பின் தம் எதிர்காலத்தைத் தாமே முடிவு செய்வோம் என்று எழுதி அனுப்பிற்று. மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபையின் துணைக்குழுவினர் கோபிநாத் பர்தோலாய் தலைமையில் கோஹிமா சென்று பேசினர்; பேச்சு முறிந்தது.

அந்நிலையில்தான் அஸ்ஸாம் கவர்னர் சர் அக்பர் ஹைதரி மலையேறினார். ஹைதரி என்றதும் நம் வாசகர்களில் சிலர் ஹைதராபாத் நிஜாமின் பிரதம மந்திரியாயிருந்தவரை நினைக்கக்கூடும்; இவர் அவருடைய புதல்வர், ஐ.சி.எஸ். அதிகாரி. 1947 ஜூன் 26 முதல் 28 வரை மூன்று நாட்கள் கவுன்சிலின் பிரதிநிதிகளோடு அமர்ந்து பேசினார். ஒன்பது பிரிவுகள் கொண்ட உடன்பாடு பிறந்தது. தம் வழக்குகளை மரபுப்படி தாமே விசாரிக்கலாம். நிலவரியும் வீட்டுவரியும் விதிப்பதும் செலவிடுவதும் கவுன்சிலின் பொறுப்பு. சிப்சாகர், நவ்காங் ஜில்லாக்களோடு முன்னர் இணைக்கப்பட்ட காடுகள் நாகா மலைகளுக்குத் திரும்ப வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது நிலம் பற்றிய பிரிவு: கவுன்சிலின் இசைவின்றி நாகா மண்ணும் அதன் வளங்களும் நாகரல்லாதார் கைக்கு மாறக்கூடாது.

ஒன்பதாவது பிரிவு காலத்தைப் பற்றியது. இந்திய அரசின் முகவர் என்ற நிலையில் கவர்னர் பத்தாண்டுகள் இவ்வுடன்பாட்டைக் காத்து நிற்பார். அம்முடிவில், இதையே நீட்டிக்க வேண்டுமா, அன்றி நாகர்களின் எதிர்காலம் குறித்துப் புதிய உடன்பாடு செய்துகொள்ளலாமா என்று கவுன்சிலிடம் கேட்கப்படும். 'புதிய உடன்பாடு' என்பதில் தனிநாடும் அடங்கும் என்று நாகர்களில் பலர் கொண்டனர். இந்திய ஒன்றியத்திற்குள் வேறோர் ஏற்பாடு என்று டில்லி கொண்டது. கவுன்சிலுக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. பிஸோவைப் பின்பற்றியவர்கள் 1947 ஆகஸ்ட் 14-ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் செய்தனர்.

பொருள் மயக்கம் ஒருபுறமிருக்க, அதைவிட அடிப்படையான பழுதொன்றை நாம் காண்கிறோம். நாகர்களை நோக்கி, உங்களில் யார் யாருக்காகப் பேசுகிறீர் என்று எல்லாரும் வினவினர். கவர்னரை நோக்கி அக்கேள்வியை எவரும் அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகஸ்ட் 15-க்கு ஏழு வாரமே இருந்தது. பிறக்கவிருந்த அரசை அவர் எழுத்து கட்டுப்படுத்துமா? சட்டம் இயற்றும் பொறுப்பு அரசியல் நிர்ணய சபையிடம் இருந்தது. அச்சபை ஹைதரியின் ஒன்பது பிரிவுகளை ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையில் மாவட்ட சுயாட்சி மன்றங்களை வகுத்துத் தந்தது. ஹைதரியோ 1948 டிசம்பரில் மணிப்பூர் சுற்றுப்பயணத்தின் போது காலமானார். நாகர்கள் ஆறாவது அட்டவணையை மறுத்தனர், 1952 தேர்தலைப் புறக்கணித்தனர், பிறகு துப்பாக்கி பேசிற்று.

தொடக்கத்தைச் செவ்வனே செய்வதெப்படி என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தை நோக்கலாம். 1835 ஜூனில் ஜான் பேட்மன் என்னும் வெள்ளையர், இன்றைய மெல்போர்ன் வட்டாரத்தில் ஆதிகுடி மூப்பர்களோடு நிலத்துக்காக ஓர் ஒப்பந்தம் செய்ததாகக் கூறினார். போர்வைகளும் கத்திகளும் கோடரிகளும் மாவும் விலையாம்! இரண்டே மாதத்தில் கவர்னர் போர்க் அதைச் செல்லாதென்று அறிவித்தார். ஏமாற்றப்பட்ட மூப்பர்கள் மேல் இரக்கங்கொண்டு அவ்வாறு செய்தாரில்லை. நிலம் முழுதும் மன்னருடையது, அதை விற்க ஆதிகுடிகளுக்கு உரிமை ஏது என்பதே அவர் வாதம். அதே மண்ணில் 2018-இல் உடன்படிக்கைக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு ஆதிகுடிகள் தமக்குள் வாக்களித்து ஒரு மன்றத்தைத் தேர்ந்தனர். 2022-இல், என்ன பேசலாம், எப்படிப் பேசலாம் என்னும் நெறிமுறைகளில் இரு தரப்பும் கையொப்பமிட்டன. நடுநிலையாய் நிற்க ஓர் ஆணையமும், பேச்சுக்கு வரும் குடிகள் அரசிடம் கையேந்தாதிருக்கத் தனி நிதியும் ஏற்பட்டன. ஒரு வட்டாரத்தின் மரபுவழி உரிமையாளர்கள் பேச விரும்பினால் முதலில் அந்த ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்; அண்டைக் குடிகளுக்குச் செய்தி போகும்; தம் மக்கள் அனைவரையும் உள்ளடக்கியே தூதுக்குழு அமைந்திருக்கிறதென்று காட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகே அரசு எதிரே வந்து அமரும். மாநிலம் தழுவிய பேச்சு 2024 நவம்பரில் தொடங்கி, 2025-இல் சட்டமாயிற்று. மேசைக்கு வருமுன் ஆறாண்டுகள் கழிந்தன. நாகா மலையில் எல்லாம் மூன்றே நாளில் முடிந்தது.

இந்திய அரசு 1957-க்குப் பின் வேறொரு வழி கண்டது. ஆயுதமேந்தியவர்களை விடுத்து, நாகா மக்கள் மாநாடு என்ற அமைப்பினரோடு பேசிற்று. 1960 ஜூலையில் பதினாறு அம்ச உடன்பாடு ஏற்பட்டது. 1963 டிசம்பர் 1-இல் நாகாலாந்து மாநிலம் பிறந்தது. அரசியல் சட்டத்தில் 371-ஏ பிரிவு சேர்ந்தது: நிலமும் அதன் வளங்களும் கைமாறுவது பற்றிய பார்லிமெண்டுச் சட்டம், அம்மாநிலச் சட்டசபை தீர்மானித்தாலன்றி அங்குச் செல்லாது. ஹைதரியின் நிலப் பிரிவு வேறு உருவில் உயிர்பெற்றது என்றே சொல்லலாம். இது சிறிய பேறன்று. எனினும், மேசைக்கு அழைக்கப்படாதவர்கள் அதை ஏற்கவில்லை. மாநாட்டின் தலைவர் இம்கோங்லிபா ஆவோ, தாம் பெற்ற மாநிலத்தைக் காணுமுன்பே, 1961 ஆகஸ்டில் சுடப்பட்டு மாண்டார்.

1975-இல் ஷில்லாங் உடன்பாடு வந்தது. அதை மறுத்தோர் 1980-இல் புதிய இயக்கம் கண்டனர். 1997-இல் அவ்வியக்கத்தின் பெரும்பிரிவோடு போர்நிறுத்தம் வந்தது. 2015 ஆகஸ்ட் 3-ஆம் நாள் டில்லியில் கட்டமைப்பு உடன்பாடு கையொப்பமானது. அரசின் சார்பில் கையொப்பமிட்ட ஆர்.என். ரவி 2021-இல் நம் தமிழ்நாட்டுக்குக் கவர்னராக வந்தவரே. உடன்பாட்டின் வாசகம் ஐந்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. இதற்கிடையே 2017-இல் வேறு நாகா அமைப்புகளோடு அரசு தனியே மற்றோர் உடன்பாடும் செய்துகொண்டது. 2020-இல் இயக்கத்தார் தாமே அவ்வாசகத்தை வெளியிட்டனர். இரு தரப்புக்கும் இடையிலான உறவைக் குறிக்குமிடத்தில் 'புதிய' என்னும் சொல் மூலத்தில் உள்ளது, மற்ற அமைப்புகளுக்குக் காட்டப்பட்ட படியிலோ அச்சொல் இல்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு.