டக்கா, கார்லியா? இருவரையும் கொன்ற மூன்றாம் எபிசோட்

2012 ஆகஸ்ட் கடைசி வாரம். கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் நகரில் இயங்கிய டெல்டேல் கேம்ஸ் நிறுவனம் 'தி வாக்கிங் டெட்' கேமின் மூன்றாம் எபிசோடை வெளியிட்டது. அதன் பெயர் 'லாங் ரோட் அஹெட்'. ஆடி முடித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இதுவரை வந்ததிலேயே இதுதான் உச்சம் என்றது ஒரு கட்சி. நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றது இன்னொரு கட்சி. வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியும் ஆதாரமாகக் காட்டியது ஒரே காட்சியைத்தான்.

(இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனிமேல் எல்லாக் குட்டும் உடையப் போகிறது!)

முதலில் கொஞ்சம் முன்கதை. ராபர்ட் கிர்க்மன் எழுதி 2003-இல் தொடங்கிய காமிக்ஸின் உலகத்தில் நடக்கும் கதை இது. ஆனால் ஆட்கள் பெரும்பாலும் புதியவர்கள். கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குக் கொண்டுபோகப்படும் லீ எவரெட் என்ற பேராசிரியர், வழியில் ஜாம்பிகளால் கார் கவிழ்ந்து தப்பிக்கிறான். பெற்றோர் ஊரில் இல்லாத எட்டு வயதுச் சிறுமி கிளமென்டைன் அவன் பொறுப்பில் வந்து சேர்கிறாள். ஐந்து எபிசோட். ஒவ்வொன்றும் அப்போது ஏறக்குறைய 5 டாலர். சுடுவதும் ஓடுவதும் குறைவு, பேசுவதும் முடிவெடுப்பதும்தான் அதிகம். பதில் சொல்லச் சில நொடிகள்தான் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு பதிலாகக் கணக்கில் வரும்.

ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் ஓர் அறிவிப்பு வரும். நீங்கள் எடுக்கும் முடிவுகளுக்கு ஏற்ப இந்தக் கதை மாறும் என்பது அதன் சாரம். சண்டை எல்லாம் இந்த வாக்குறுதியிலிருந்துதான் கிளம்பியது.

முதல் எபிசோடில், ஏப்ரல் 2012-இல், ஆடுபவர்கள் ஒரு கொடுமையான கேள்வியைச் சந்தித்தார்கள். மேக்கன் நகரில் ஒரு மருந்துக் கடை. ஜாம்பிகள் உள்ளே நுழைந்துவிட்டன. ஒரு பக்கம் டக், இன்னொரு பக்கம் கார்லி. ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். டக் கம்ப்யூட்டர் வேலை தெரிந்த சாதுவான ஆள். எதிர்க்கடை டிவிக்களை ரிமோட்டால் போட்டு ஜாம்பிகளின் கவனத்தைத் திருப்பியவன். கார்லி வானொலிச் செய்தியாளர். குறி தவறாமல் சுடுவாள், ஆனால் ரேடியோவில் பேட்டரி போடத் தெரியாமல் முழிப்பாள் (ரேடியோவில் வேலை பார்ப்பவர் என்பதை மறக்க வேண்டாம்!). பெரும்பாலோர் கார்லியைத்தான் காப்பாற்றினார்கள். இது ஊகமில்லை. எபிசோட் முடிந்ததும் எத்தனை சதவீதம் பேர் எந்த முடிவை எடுத்தார்கள் என்று கேமே ஒரு பட்டியல் காட்டும்.

பிழைத்தவர் இரண்டாம் எபிசோடிலும் வருகிறார். மூன்றாம் எபிசோடின் ஆரம்பத்தில் கார்லி இன்னும் நெருங்கி வருகிறாள். உன் பழைய குற்றத்தை மற்றவர்களிடம் நீயாகவே சொல்லிவிடு என்று லீக்கு அறிவுரை சொல்கிறாள். இருவருக்கும் இடையில் ஏதோ துளிர்க்கிறது. அந்த நேரத்தில்தான் அடி விழுகிறது. குழுவின் மருந்தை யாரோ கொள்ளைக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். முந்தைய எபிசோடில் அப்பாவைப் பறிகொடுத்த லில்லிக்கு எல்லோர் மீதும் சந்தேகம். வண்டிக்கடியில் ஒரு ஜாம்பி சிக்கிக்கொள்ள, எல்லோரும் சாலையோரம் இறங்கி நிற்கிறார்கள். வாக்குவாதம் நடக்கிறது. சட்டென்று லில்லி துப்பாக்கியை எடுத்துக் கார்லியைச் சுட்டுவிடுகிறாள். இசை இல்லை, முன்னறிவிப்பு இல்லை. கார்லிக்குப் பதிலாக டக்கைக் காப்பாற்றியிருந்தால்? லில்லி பென் என்ற இளைஞனைக் குறி வைக்கிறாள். டக் அவனைத் தள்ளிவிட்டுத் தான் குண்டை வாங்குகிறான். அதே சாலை, அதே நேரம், அதே துப்பாக்கி.

ஒருமுறை மட்டும் ஆடியவர்களுக்கு இது கேமின் மிகப் பெரிய அதிர்ச்சி. கையில் கண்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும் அந்தக் கணத்தைத்தான் அவர்கள் புகழ்ந்தார்கள். இரண்டாவது முறை ஆடியவர்களுக்கோ, நண்பரின் ஆட்டத்தோடு ஒப்பிட்டவர்களுக்கோ தையல் தெரிந்துவிட்டது. யாரைக் காப்பாற்றினாலும் இங்கே சாவு நிச்சயம் என்றால் அன்று மருந்துக் கடையில் ஏன் கேட்டாய் என்பது அவர்கள் கேள்வி. அதிலும் ஒரு முரண் உண்டு. அந்தச் சதவீதப் பட்டியலைக் காட்டி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார் என்று தூண்டியதே டெல்டேல்தான். தன் தையலைத் தானே வெளிச்சம் போட்டுக் காட்டிய நிறுவனம்!

இந்தக் கோபத்துக்கு அந்த வருடத்தில் ஒரு பின்னணியும் இருந்தது. அதே 2012 மார்ச்சில் கனடாவின் பயோவேர் நிறுவனம் 'மாஸ் எஃபெக்ட் 3' கேமை வெளியிட்டிருந்தது. 2007-இலிருந்து மூன்று கேம்களாக எடுத்த முடிவுகள் எல்லாம் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்ற மூன்று நிற வெளிச்சமாகச் சுருங்கிவிட்டன என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த மூன்று நிறத்திலும் சுமார் 400 கப்கேக்குகளைச் செய்து பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். நிறம்தான் வேறு, ருசி எல்லாம் ஒன்றே! எதிர்ப்பு வலுத்ததால் ஜூன் மாதம் முடிவை விரித்துச் சொல்லும் ஒரு இலவசச் சேர்க்கையை பயோவேர் வெளியிட்டது. அது வந்து இரண்டே மாதத்தில்தான் லில்லியின் துப்பாக்கி வெடித்தது. காயம் ஆறாத கூட்டம் என்று சொல்லலாம்.

டெல்டேல் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். ஒரு எபிசோடுக்கு ஐந்து முக்கிய முடிவு என்று அந்தப் பட்டியலே காட்டியது. ஒவ்வொரு முடிவிலும் கதை இரண்டாகப் பிரிந்து பிரிந்தே போனால், ஐந்து எபிசோட் முடிவில் 3 கோடியே 35 லட்சத்துக்கு மேற்பட்ட கதைகள் தேவைப்படும். எந்த ஸ்டூடியோவாலும் ஆகாத காரியம். ஆகவே கிளை பிரிந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் ஒரே சாலையில் வந்து சேர வேண்டும். டக்கும் கார்லியும் சேர்ந்த இடம் அந்தச் சாலையோரம்.

ஆனால் கணக்கு மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. இதே எபிசோடில் இன்னொரு மரணம் இருக்கிறது. எல்லோரும் 'வாத்து' என்று கூப்பிடும் கென்னியின் சின்ன மகன் கடிபட்டுவிடுகிறான். காட்டுக்குள் அவனைத் தூக்கிப்போன அம்மா காட்யா தன்னையே சுட்டுக்கொள்கிறாள். மிச்சமிருக்கும் கேள்வி, பையனைச் சுடுவது லீயா, அப்பா கென்னியா, அல்லது அப்படியே விட்டுப் போவதா என்பதுதான். எதைத் தேர்ந்தாலும் பையன் பிழைக்கமாட்டான். இதுவும் மாறாத முடிவுதான். இருந்தும் இந்தக் காட்சியைத் திட்டியவர்கள் குறைவு, அழுதவர்கள் அதிகம். காரணம் எளிது. கடிபட்டால் மீட்சி இல்லை என்பது அந்த உலகத்தின் சட்டம், அதை எல்லோரும் அறிவார்கள். இங்கே கேம் 'யார் பிழைக்க வேண்டும்?' என்று கேட்கவே இல்லை, 'இந்தப் பாரத்தை யார் சுமப்பது?' என்று மட்டும் கேட்டது. கேட்ட கேள்விக்கான பதிலை மதித்தது. மருந்துக் கடையில் 'யார் பிழைக்க வேண்டும்?' என்று கேட்டுவிட்டு, இரண்டு எபிசோட் கழித்துப் பதிலைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. ஏமாற்றம் என்று கத்தியவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது, அவர்கள் அதை 'முடிவு மாறவில்லை' என்று தப்பாகப் பெயரிட்டாலும்.

2012 டிசம்பரில் ஸ்பைக் தொலைக்காட்சியின் விருது விழாவில் ஆண்டின் சிறந்த கேம் என்ற பட்டம் இதற்குத்தான் கிடைத்தது. தொடரை வழிநடத்திய ஷான் வானமனும் ஜேக் ராட்கினும் அடுத்த ஆண்டே விலகித் தனி ஸ்டூடியோ தொடங்கினார்கள். டெல்டேல் அதே பாணியில் கேம் மேல் கேமாகச் செய்துகொண்டே போனது, ஒவ்வொன்றுக்கும் இதே புகாரைக் கேட்டுக்கொண்டே. 2018 செப்டம்பரில் ஊழியர்களில் பெரும்பாலோரை ஒரே நாளில் அனுப்பிவிட்டு மூடும் நிலைக்கு வந்தது. பாதியில் நின்ற கிளமென்டைனின் கடைசிக் கதையை ஸ்கைபவுண்ட் நிறுவனம் 2019 மார்ச்சில் முடித்துவைத்தது.

மூன்றாம் எபிசோடில் பலரும் விவாதிக்காமல் கடந்துபோன ஒரு காட்சி உண்டு. ஓடும் ரயிலில் லீ, கிளமென்டைனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத் தருகிறான். ஜாம்பி பிடித்து இழுக்காமல் இருக்க அவள் தலைமுடியை வெட்டிவிடுகிறான். வெட்டலாமா வேண்டாமா என்று கேம் யாரையும் கேட்கவில்லை. டக்கைக் காப்பாற்றியவர் ஆட்டத்திலும் கார்லியைக் காப்பாற்றியவர் ஆட்டத்திலும் அந்தச் சிறுமி அதே குட்டை முடியோடுதான் சவான்னாவுக்குப் போய் இறங்கினாள்.