தோல்விக்குப் பின் பழி எவர்மேல்: திருமணச் சமத்துவ வழக்கும் நீலகிரியின் சான்றும்

2023 அக்டோபர் 17 அன்று 'சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என ஒருமனதாகவும், தன்பாலின இணையரின் கூட்டுவாழ்வைச் சட்டப்படி ஏற்குமாறு அரசைப் பணிக்க இயலாது என மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையிலும் தீர்ப்பளித்து, முடிவைச் சட்டமன்றங்களின் கையில் விட்டது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட உரிமை இனி மக்கள் பிரதிநிதிகளிடமும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளரிடமும் கேட்கப்பட வேண்டியதாயிற்று; அதனால் 'இதைத் தடுப்பவர் யார்' என்ற கேள்வியும் கூர்மை பெற்றது. தோல்வியின் காரணத்தை அதை உண்டாக்கும் வலிமையற்ற ஒரு சிறு குழுவின் தலையில் ஏற்றி ஆறுதல் தேடும் வழக்கம், அதாவது பலிகடாவாக்கல், அறத்தால் மட்டுமன்றிக் கணக்காலும் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று கலிபோர்னியாவில் உள்ளது. 2008 நவம்பர் 4 அன்று அங்கு நடந்த பொதுவாக்கெடுப்பில், திருமணத்தை ஆண்–பெண் இணைவுக்கு மட்டும் உரியதாக்கும் 'முன்மொழிவு 8' 52.24 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. வாக்களித்து வெளியே வந்தோரிடம் எடுக்கப்பட்ட கணிப்பு, கறுப்பினத்தவரில் 70 விழுக்காட்டினர் அதை ஆதரித்ததாகக் காட்டியதும், தோற்றவர்களில் ஒரு பகுதியினரின் சினம் அம்மக்கள்மேல் திரும்பியது. கண்டனக் கூட்டங்களிலேயே இனவசை கேட்டதாகப் பதிவுகள் உள்ளன. பாட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில் என்ற அரசியல் அறிஞர்கள் 2009 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு அவ்விழுக்காட்டை 58 அளவுக்குக் குறைத்ததோடு, வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குவது நிறமன்று, வழிபாட்டுக்குச் செல்லும் வழக்கமே என்றும் காட்டியது. ஆனால் அந்த ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பதிவான வாக்குகள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். வெற்றி வேறுபாடு ஏறத்தாழ 6 லட்சம். கறுப்பினத்தவர் வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் என்றும், அவர்களில் 70 விழுக்காட்டினர் ஆதரித்தனர் என்றும் அக்கணிப்பை அப்படியே ஏற்றாலும், அவர்களால் உண்டான வேறுபாடு 5 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டாது. அவர்களில் ஒருவர்கூட வாக்குச்சாவடிக்குச் செல்லாதிருந்தாலும் முன்மொழிவு வென்றிருக்கும். இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பாராமல் பழி சொன்னவர்கள், தம் இயக்கத்துக்குள்ளேயே இருந்த கறுப்பினத் தன்பாலின ஈர்ப்பாளரை இரண்டு பக்கமும் அந்நியராக்கினர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுவது அவசியம். பணமும் ஆளும் திரட்டி எதிர்ப்பிரசாரம் நடத்திய அமைப்பை விமர்சிப்பது பலிகடாவாக்கல் அன்று. அது பொறுப்பைக் கேட்பது. அந்த அமைப்பின் பெயரால் அறியப்படும் சமயத்திலோ இனத்திலோ பிறந்த எல்லோரையும் குற்றவாளிகளாக்குவதே பலிகடாவாக்கல். இந்திய வழக்கில் ஜமியத் உலமா-இ-ஹிந்த் மனுதாரர்களை எதிர்த்து இடையீடு செய்தது உண்மை. அதன் வாதங்களைக் கடுமையாக மறுக்கலாம். ஆயினும் அதைக் கொண்டு 'முஸ்லிம்கள் தடுத்தார்கள்' என்று எவரேனும் எழுதினால், முதன்மை எதிர்வாதியான ஒன்றிய அரசும், எதிர்ப்புத் தெரிவித்த அசாம், ஆந்திரம், இராஜஸ்தான் அரசுகளும், வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே எதிர்த்துத் தீர்மானம் இயற்றிய இந்திய வழக்குரைஞர் மன்றமும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அதிகாரம் இருந்த இடத்தை விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் காரணம் தேடுவதே இதன் விளைவு.

துன்பத்துக்கு எளியவரைக் காரணமாக்கும் இந்த மனப்போக்கு எங்குவரை செல்லும் என்பதை நீலகிரி அறியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த இனவரைவு நூலின்படி, 1835இல் அம்மலையின் பழங்குடியினரான குறும்பர் நாற்பத்தெட்டுப் பேர் கொல்லப்பட்டனர். 1875இலும் 1882இலும் சிறிய அளவில் கொலைகள் நடந்தன. 1900இல் ஒரு குறும்பக் குடும்பம் முழுவதும் அழிக்கப்பட்டது. மருத்துவம் அறிந்தவராகப் பெயர்பெற்ற அக்குடும்பத் தலைவர், அண்டைச் சமூகத்தவரான படகரின் ஊர் ஒன்றுக்குள் நோயையும் சாவையும் கொண்டுவந்தார் என நம்பப்பட்டதே காரணம். குறும்பர் எண்ணிக்கையில் மிகச் சிறியவர். சரிவுகளின் காட்டோரங்களில் வாழ்ந்தவர். அவர்களது மருந்தையும் மந்திரத்தையும் நாடிய அதே மக்கள்தாம் நோய் வந்தபோது அவர்களை அஞ்சினர். இச்சான்றை இன்றைய படகர்மீது குற்றம் சாட்ட எவரும் எடுப்பாராயின், அவரும் இக்கட்டுரை மறுக்கும் அதே பிழையையே செய்கிறார். கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் ஒரு சமூகம் அடிபடும்போது, கைக்கெட்டும் தொலைவில் இருப்பவரும் திருப்பியடிக்க இயலாதவருமான அண்டை மனிதரே காரணமாக்கப்படுகிறார் என்பதுதான் இதிலிருந்து பெறத்தக்க பொதுமை.

திருமணச் சமத்துவத்தின் தோல்விக்குப் 'பழங்குடி மரபு' அல்லது 'கிராமத்து மனம்' காரணம் என்ற விளக்கத்தையும் இம்மலை ஏற்க மறுக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரான தோடரிடையே உடன்பிறந்தார் பலர் ஒரு பெண்ணை மணந்த வழக்கத்தையும், தந்தைமை இன்னாருடையது என்பதைக் கருவுற்ற மனைவிக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கே தீர்மானித்ததையும் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் விரிவாகப் பதிந்தார். அதாவது இன்றைய சட்டத்தின் திருமண வடிவம் இம்மலையின் மரபிலிருந்து வந்ததன்று. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், ஒன்றிய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் இரண்டாம் பிரிவே கூறுகிறது. மாவட்ட மக்கள்தொகையிலேயே இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நீலகிரிப் பழங்குடியினர், நாட்டின் திருமணச் சட்டத்தின் வடிவத்தை எழுதியவரும் அல்லர். அதைக் காக்க வாதாடியவரும் அல்லர்.

ஒன்றிய அரசு தன் தரப்பில் மனுதாரர்களின் கோரிக்கையை நகரத்து மேட்டுக்குடியினரின் கருத்து என வருணித்தது. அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்புரையில் அதை மறுத்தார். தோல்விக்குப் பின் எளிய மக்களைப் பழிக்கும் நகரவாசி, தம்மையறியாமலே அந்த வருணனையை மெய்ப்பிக்கிறார். தன்பாலின உறவு தேயிலைத் தோட்டத்திலும் உண்டு என்பதும், குடும்பம் என்ற சொல்லின் குறுகிய சட்டப் பொருள் அங்குதான் மிக வன்மையாக உறைக்கிறது என்பதும் அவருக்குப் புலப்படுவதில்லை. நீலகிரித் தோட்டங்களின் உழைப்பைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும், 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையை அடுத்து இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தாயகம் திரும்பியோருமே. கூடலூரிலும் கோத்தகிரியிலும் 'வெளியாட்கள்' என்ற பெயரைத் தலைமுறைகளாகச் சுமந்த அம்மக்களுக்குப் பழிசுமத்தலின் பாரத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடும் மருத்துவமும் தர வேண்டும் என விதித்து, குடும்பம் என்பதைக் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் முதலியோர் என்று வரையறுத்தது. இவ்வரையறையின்படி, லைன் வீடு எனப்படும் தோட்டக் குடியிருப்பில் ஒன்றாக வாழும் இரு பெண்களில் தோட்டப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர், மற்றவர் இறந்தாலோ ஓய்வுபெற்றாலோ அவ்வீட்டில் தங்க எந்த உரிமையும் கோர இயலாதவராயிருந்தார். 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பத்தை அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் சட்டச் சிந்தனையில் இடம்பெற்றுவிட்டது என்றும் கூறியிருப்பது இவ்விடத்தில் பொருளுள்ளதாகிறது. அடுத்த கோரிக்கை சட்டமன்றத்துக்குச் செல்லும்போது, அதில் கையொப்பமிட வேண்டியவர்கள் குன்னூரின் தொழிற்சங்கத்தாரும் பந்தலூரின் கொழுந்து பறிக்கும் பெண்களும் ஆவர். நேற்றைய தோல்விக்குத் தங்களைக் காரணம் காட்டியவர்கள் நீட்டும் தாளில் அவர்கள் கையொப்பமிட மாட்டார்கள்.