முல்லர்-லயர் திரிபுக்காட்சி: விளக்கங்களின் வரலாறு

முல்லர்-லயர் திரிபுக்காட்சி என்பது சம நீளமுள்ள இரு கோடுகள் நீளத்தில் வேறுபட்டவை போலத் தோன்றும் ஒளியியல் மாயத்தோற்றம் ஆகும். ஒரு கோட்டின் இரு முனைகளிலும் அம்புத்தலை போன்று உள்நோக்கி மடங்கிய சிறுகோடுகளும், மற்றொன்றின் முனைகளில் வெளிநோக்கி விரிந்த சிறுகோடுகளும் இருக்கும். விரிந்த முனைகளுடைய கோடே நீளமானதாகத் தெரியும். அளவுகோல் கொண்டு அளந்து பார்த்த பின்னரும் இத்தோற்றம் மறைவதில்லை.

ஜெர்மானியரான பிரான்ஸ் கார்ல் முல்லர்-லயர் 1889இல் இப்படத்தை வெளியிட்டார். கண் கோட்டை மட்டும் தனியே மதிப்பிடுவதில்லை, அதைச் சூழ்ந்த இடத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

பண்பாடும் பார்வையும்

1898இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவுடன் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அங்குள்ள மக்களிடம் இப்படத்தைச் சோதித்தார். பின்னர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் இச்சோதனையை நடத்தி, முடிவுகளை 1905இல் வெளியிட்டார். இரு இடத்து மக்களும் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தனர். ஆனால் செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தோன்றும் வேறொரு திரிபுக்காட்சியில் அவர்களே அதிகம் ஏமாந்தனர். எனவே ஒரு மக்கள் கூட்டத்தின் பார்வைத்திறன் பொதுவாக உயர்ந்தது, தாழ்ந்தது என்று இம்முடிவுகளைக் கொண்டு கூற இயலாது.

1963இல் ரிச்சர்டு கிரிகரி வேறொரு விளக்கம் தந்தார். விரிந்த முனைகள் அறையின் உள்மூலையையும், மடங்கிய முனைகள் கட்டடத்தின் வெளிமூலையையும் ஒத்தவை. உள்மூலை தொலைவில் இருப்பதாகக் கொள்ளும் மூளை, அக்கோட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்றார் அவர். 1966இல் சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகியோர் ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா ஆகிய பகுதிகளில் திரட்டிய தரவுகளை நூலாக வெளியிட்டனர். நேர்கோடுகளும் செங்கோணங்களும் நிறைந்த கட்டடங்களிடையே வளர்வோர் அதிகம் ஏமாறுகின்றனர் என்பது அவர்களின் கருதுகோள்.

எதிர்ப்புகள்

சிறுகோடுகளுக்குப் பதிலாக வட்டங்களை வரைந்தாலும் திரிபு தோன்றுகிறது. வட்டத்தில் மூலை இல்லாததால் கிரிகரியின் விளக்கம் இங்குப் பொருந்துவதில்லை. நிறமிகள் கண்ணில் ஒளி படும் விதத்தை மாற்றுவதே மக்களிடையே காணப்படும் வேறுபாட்டுக்குக் காரணம் எனச் சிலர் வாதிட்டனர்.

2015இல் வெளியான இந்திய ஆய்வொன்று முக்கியமானது. பிறவியிலேயே பார்வையிழந்து, 8 முதல் 16 வயதுக்குள் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 9 சிறாரிடம், பார்வை கிடைத்த உடனேயே இப்படம் சோதிக்கப்பட்டது. அவர்களும் ஏமாந்தனர். கட்டடங்களைப் பார்த்துப் பழகும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. ஆகவே இத்திரிபு தோன்றுவதற்கு நெடுநாள் பார்வை அனுபவம் கட்டாயமன்று. எனினும் அதன் அளவு மக்களிடையே ஏன் வேறுபடுகிறது என்ற வினாவுக்கு இவ்வாய்வு விடை தரவில்லை. அவ்வினா இன்றும் விவாதத்தில் உள்ளது.